மோட்டார் ஸ்லைடர்: வாங்கும் முன் யோசிப்போம், வாங்கிய பின் பழகுவோம்

ஊடகப் பிரிவின் காணொளிப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முகாமுக்கு வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.



காலையிலிருந்து மேடைப் பேச்சைப் படம் பிடிப்பது, ஒலி பதிவது எல்லாம் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு மோட்டார் ஸ்லைடர். கண் சொக்குகிற நேரம். அதனால என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அடுத்தவன் தப்பைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வராது.

சில வருஷத்துக்கு முன்னால் பவானிப் பக்கம் ஒரு ஜமுக்காள நெசவாளரைப் படம் எடுக்கப் போனோம். வயசானவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நாங்க அப்போதான் புதுசா ஒரு மோட்டார் ஸ்லைடர் வாங்கியிருந்தோம். கிளைத் தோழர்கள் ஐம்பதும் நூறுமாப் போட்டுச் சேர்த்த காசு. புதுச் சாமான் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? ஐயா பேசின பதினோரு நிமிஷமும் கேமரா இடமும் வலமுமா ஓடிக்கிட்டே இருந்தது. எந்த வயசில் தறியில் உட்கார்ந்தார், கூலி எப்படி இருந்தது, பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, எல்லாம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், அவர் குரலுக்கு அடியில் கொசு ரீங்காரம் மாதிரி மோட்டார் சத்தம். மைக்கை கேமரா மேலேயே மாட்டியிருந்தோம். கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை நீக்கினோம். கூடவே அவர் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிப்போச்சு.

மறுபடி எடுக்கலாம்னு ஆறு மாசம் கழித்துப் போனோம். தறியைப் பிரித்து விற்றாச்சு. குழியை மூடி சிமெண்ட் பூசியிருந்தாங்க. அந்த இடத்தில் ஒரு கட்டில் கிடந்தது. "அதான் அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிப்போட்டனே கண்ணு. இன்னொருக்கா என்னத்தச் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஸ்லைடர் மேல் தப்பில்லை தோழர்களே. எதற்கு, எப்போது நகர்த்தணும்னு தெரியாமல் நகர்த்தினது எங்க தப்பு. இன்றைக்கு நான் சொல்லப் போறது இந்த ஒரு விஷயம்தான். கேமரா நகர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கணும். காரணம் இல்லாவிட்டால் கேமரா அசையாமல் நிற்கட்டும்.

முதல்ல, இது என்ன கருவி? சினிமாக்காரர்கள் தண்டவாளம் போட்டு டிராலியில் கேமராவை வைத்துத் தள்ளுவதைப் பார்த்திருப்பீங்க. 1914-ல் வந்த 'கபீரியா' என்ற இத்தாலி மௌனப் படத்திலேயே கேமராவை வண்டியில் வைத்து மெதுவா நகர்த்திக் காட்டினார் இயக்குநர் ஜியோவானி பாஸ்ட்ரோனி. அந்தத் தண்டவாளத்தின் குட்டி வடிவம்தான் ஸ்லைடர். ஒரு முழம், இரண்டு முழம் நீளத்துக்கு ஒரு பட்டை. அதன் மேல் கேமரா உட்காரும் சின்ன வண்டி. கையால் தள்ளினால் சாதா ஸ்லைடர். மோட்டார் இழுத்தால் மோட்டார் ஸ்லைடர்.

கையால் தள்ளினால் என்ன குறை? மெதுவாத் தள்ளும்போதுதான் கை நடுக்கம் படத்தில் தெரியும். மோட்டார் ஒரே சீராப் போகும். அதோடு, போன அதே பாதையில் அதே வேகத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகும். இந்த இரண்டுக்கும்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இப்போ ஒரு கேள்வி. நூறு மீட்டர் தள்ளி நிற்கிற கோபுரத்தை ஸ்லைடரில் எடுக்கிறீங்க. படத்தில் என்ன நகரும்? ஒண்ணும் நகராது! கணக்கைப் பாருங்க. கேமரா 50 செ.மீ. நகர்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிற பொருளைப் பார்க்கும் கோணம் ஏறக்குறைய 27 டிகிரி மாறும். பத்து மீட்டரில் இருக்கிற பொருளுக்கு 3 டிகிரிதான். நூறு மீட்டரில் அரை டிகிரிகூட இல்லை.

அப்போ ரகசியம் என்ன? பக்கத்தில் ஒரு பொருள் வேணும். கோபுரத்தை எடுக்கணுமா, முன்னால் ஒரு பூக்கடைக் கூடையை வைங்க. கூடை கிடுகிடுன்னு விலகும், பின்னால் கோபுரம் அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் பார்ப்பவருக்கு "நான் அங்கே இருக்கேன்" என்ற உணர்வைத் தரும். தறியை எடுக்கிறீங்களா, பாவு நூலுக்குப் பக்கத்தில் கேமராவை வைங்க. நூல் வரிசை முன்னால் ஓட, அதற்குப் பின்னால் நெசவாளர் முகம் மெல்ல வெளியே வரும். அரை மீட்டர் ஸ்லைடர் போதும்.

சரி, வாங்கப் போறோம். எதைப் பார்த்து வாங்குவது?

எடை முதல்ல. உங்க கேமரா, லென்ஸ், கேமரா உட்காரும் தலைப்பகுதி, மைக் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுத் தராசில் வைத்து எடை பாருங்க. சோனி ஏ6400 பேட்டரியோடு சுமார் 400 கிராம். கூட வரும் 16-50 லென்ஸ் சுமார் 115 கிராம். இத்தனை லேசான கேமராவும் தலை, மைக் எல்லாம் மாட்டினால் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். பெட்டியில் எழுதியிருக்கிற எடை பெரும்பாலும் ஸ்லைடரைப் படுக்கை வாக்கில் வைத்தால் தாங்குவது. சாய்த்தோ நிமிர்த்தியோ வைத்தால் தாங்குவது அதைவிடக் குறைவு. அந்த எண்ணைத் தனியாக் கேளுங்க. மேலும் உங்க மொத்த எடைக்கு ஒன்றரை மடங்காவது தாங்குவதா இருக்கட்டும்.

அடுத்து நீளம். 60 செ.மீ. ஸ்லைடர் என்றால் கேமரா 60 செ.மீ. நகராது. வண்டியின் அகலத்தைக் கழிக்கணும், இரண்டு முனைத் தடுப்பையும் கழிக்கணும். "நீளம் எவ்வளவு"ன்னு கேட்காதீங்க, "ஓட்டம் எவ்வளவு"ன்னு கேளுங்க. சில மாடல்கள் டிரைபாட் மேல் வைத்தால் பட்டையும் நகரும், வண்டியும் நகரும். அதனால் தன் நீளத்தைவிட அதிகமா ஓடும். பஸ்ஸில் போய் வேலை பார்க்கிற தோழர்களுக்கு அது வசதி.

மூணாவது, மோட்டார் எப்படி இழுக்குது என்பது. பெல்ட் இழுக்கும் வகை வேகமாப் போகும். ஆனால் பெல்ட் தளர்ந்தால் கிளம்பும்போது ஒரு துள்ளல் வரும். சாய்த்து வைத்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் கேமராவோடு கீழே சறுக்கும் ஆபத்தும் உண்டு. நீள ஸ்க்ரூ திருகி நகர்த்தும் வகை மெதுவாப் போகும், துல்லியமாப் போகும், சாய்வில் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். உங்களுக்கு எது வேணும்னு உங்க வேலைதான் சொல்லும்.

நாலாவது சத்தம். இதைத்தான் நான் பாடம் படித்துக் கற்றேன். கடையில் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. ஸ்லைடரை மிக மெதுவான வேகத்தில் ஓட விட்டுக் காதைப் பக்கத்தில் வைங்க. பிறகு உங்க மைக்கை மாட்டிப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், அது மக்கள் போட்ட காசு.

ஐந்தாவது மின்சாரமும் கட்டுப்பாடும். பேட்டரி எங்கேயும் கிடைக்கிற வகையா என்று பாருங்க. பவர் பேங்கில் ஓட்டலாம்தான், ஆனால் மோட்டார் ரொம்பக் கொஞ்சமா மின்சாரம் எடுத்தால் சில பவர் பேங்குகள் தானா அணைந்துவிடும். போன் செயலி இல்லாமல் ஸ்லைடரிலேயே பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்க. ஒரு நாள் செயலி திறக்காது. அன்றைக்குத்தான் முக்கியமான படப்பிடிப்பு இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உடனே வாங்காதீங்க. கேமரா வாடகைக்குத் தரும் கடைகள் எல்லா ஊரிலும் வந்தாச்சு. இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வேலை பாருங்க. உங்களிடம் நல்ல மைக்கும் உறுதியான டிரைபாடும் இல்லையா? அப்படின்னா முதல் காசு அதற்கு. ஸ்லைடர் அதற்கு அப்புறம்தான்.

இனி பயன்படுத்துவது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைக்கிறார் இல்லையா, அதே வேலைதான். ஸ்லைடரின் நடுவில் மட்டம் பார்த்தால் போதாது. வண்டியை இடது கோடியில் வைத்துப் பாருங்க, வலது கோடியில் வைத்துப் பாருங்க. ஒரே டிரைபாட் மேல் வைத்தால் கேமரா ஓரத்துக்குப் போகும்போது எடை ஒரு பக்கம் சாயும், படமும் சாயும். இரண்டு முனைக்கும் இரண்டு கால் கொடுங்க. இல்லையா, தரையில் வைங்க, திண்ணையில் வைங்க. டிரைபாட் நடுவில் ஒரு மணல் பை தொங்கட்டும்.

கேமராவில் மூணு வேலை. ஒண்ணு, லென்ஸிலோ உடலிலோ இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்க. ஸ்லைடர் நகர்வதையே அது நடுக்கம்னு நினைத்துப் பிடித்து இழுக்கும், முடிவில் ஒரு துள்ளல் வரும். இரண்டு, நொடிக்கு 25 பிரேம் வைத்தால் ஷட்டரை 1/50-ல் வைங்க. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் மினுக்கமும் குறையும். மூணு, ஃபோகஸைக் கையால் பூட்டுங்க. பக்கவாட்டில் போனால் தொந்தரவு இல்லை. ஆளை நோக்கி முன்னால் போனால் தூரம் மாறும், ஒத்திகை பார்க்காமல் எடுக்காதீங்க.

கிளம்பும்போதும் நிற்கும்போதும் பஸ் டிரைவர் மாதிரி மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கிற அமைப்பு இருக்கும். அதைப் போடுங்க. நகர்வதற்கு முன்னால் மூணு நொடி, நின்ற பிறகு மூணு நொடி பதிவு ஓடட்டும். வெட்டி ஒட்டுகிற தோழர் உங்களை வாழ்த்துவார்.

பேட்டி எடுக்கும்போது? அசையாத கேமரா ஒண்ணு, அதுதான் முதல் கேமரா. மைக் பேசுபவர் சட்டையில். ஸ்லைடர் இரண்டாவது கேமராவுக்கு. ஒரே கேமராதான் இருக்கா? பேச்சை அசையாமல் முழுசா எடுங்க. பேசி முடித்த பிறகு ஸ்லைடரைப் போட்டு அவர் கையை, தறியை, சுவரில் மாட்டியிருக்கிற பழைய போட்டோவை எடுங்க. குரல் ஒரு தடவைதான் கிடைக்கும். கையையும் சுவரையும் பத்து தடவை எடுக்கலாம்.

காலம் ஓடுவதைக் காட்டணுமா? பந்தல் எழும்புவதைப் பத்து நொடியில் காட்ட 250 படம் வேணும். நாலு நொடிக்கு ஒரு படம் என்றால் ஏறக்குறைய 17 நிமிஷம். 50 செ.மீ. ஓட்டத்தில் படத்துக்குப் படம் 2 மி.மீ. நகர்ந்தால் போதும். நகர்ந்து, நின்று, படம் எடுத்து, மறுபடி நகரும் முறையைப் போடுங்க.

கூட்டத்துக்குள் ஸ்லைடரை வைக்காதீங்க. யாராவது தடுக்கி விழுவாங்க. இன்னொண்ணு, காலி நாற்காலியை மறைக்க நினைத்து ஸ்லைடரை ஓட்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கேமரா நகர நகர முன்வரிசைத் தலைகள் விலகி, பின்னால் இருக்கிற இடைவெளி எல்லாம் தெரியும். இருப்பதை இருக்கிறபடி எடுங்க.

வேலை முடிந்ததும் பட்டையை உலர்ந்த துணியால் துடைங்க. மணலைப் பிரஷ்ஷால் தட்டுங்க. பெல்ட்டில் எண்ணெய் விடாதீங்க.

கடைசியா ஒண்ணு தோழர்களே. நம்மிடம் பேச உட்காருகிற மனிதர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு உட்காருகிறார்கள். அந்தப் பவானி ஐயா எங்களுக்காகத் தறியை நிறுத்தினார். அவர் கொடுத்ததை ஒழுங்கா வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் அடுத்த வாரம் யாரையாவது படம் எடுக்கப் போவீங்க. போகும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: இவர் பேசும்போது கேமரா நகரத்தான் வேணுமா?

வேணும்னா நகர்த்துங்க. இல்லைன்னா அவரைப் பேச விடுங்க.



#ஊடகப்பிரிவு #காணொளிப்பயிற்சி