வயிற்றுச் சத்திரசிகிச்சையும் மனக்குறையும்

மகப்பேற்றினால் தளர்ந்த வயிற்றைச் சீர்செய்யச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்மணி, மூன்றாம் வாரத்திற் கண்ணாடி முன் நின்று கலங்குவதுண்டு. அவர் காண்பது முடிவன்று; வீக்கம். அது முற்றாக வடியச் சில மாதங்கள் செல்லும். அடிவயிற்றின் குறுக்கே ஓடும் தழும்பு மங்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அவ்வேளையில், “ஆசைப்பட்டாய், அனுபவி” என வீட்டார் கூறுவது கொடுமை. காய்ச்சலோ சீழோ தோன்றினால் மட்டும் ஒருநாளும் பொறுத்தலாகாது.

இச்சிகிச்சை மிகுதித் தோலையும் கொழுப்பையும் அகற்றி, விலகிய தசைகளைத் தைத்திணைப்பது, உடலை மெலிவிப்பதன்று. இதனை முன்னரே விளக்காத வைத்தியரிடமும் குறையுண்டு என்பேன். ஆறு மாதங்கள் கழிந்தும் இடுப்போரத்தில் தோல் மடிப்பு எஞ்சுமாயின், முன்னர் எடுத்த படங்களுடன் அவரிடமே சென்று வினவுக. மனம் நிறையாவிடின் வேறொரு நிபுணரை நாடுக. திருத்தச் சிகிச்சை உண்டு. அதற்கும் தழும்புண்டு, ஓய்வும் செலவும் உண்டு.