இரண்டே வாக்கு



"என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும்?" என்று வகுப்பில் மாணவர் என்னைக் கேட்டதுண்டு. அப்போதெல்லாம் நான் அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கூறுவது வழக்கம்.

அந்நாட்டின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலம் உளது. 1974 நவம்பரில், அங்கே செனட் சபையின் ஓரிடத்திற்கு லூயிஸ் வைமனும் ஜான் டர்க்கினும் கடுமையாகப் போட்டியிட்டனர். முதல் எண்ணிக்கையில் வைமன் 355 வாக்குகள் முந்தினார். மறு எண்ணிக்கையிலோ டர்க்கின் 10 வாக்குகள் முந்தினார். ஐயத்திற்குரிய சீட்டுகளை மீண்டும் ஆராய்ந்தபோது வைமனே முந்தினார், எத்தனை வாக்குகளால்? இரண்டே வாக்குகளால்! வாக்களித்தோரோ இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

வழக்கு செனட் சபைக்கே சென்றது. மாதக்கணக்கில் வாதிட்டும் முடிவு காணாத சபை, இடம் காலியென அறிவித்து, பொறுப்பை மக்களிடமே திருப்பித் தந்தது. 1975 செப்டம்பர் 16-இல் மறுதேர்தல் நடந்தது. வேறு பெருந்தேர்தல் இல்லாத காலத்தில் வாக்குச்சாவடிக்கு வருவோர் குறைவது இயல்பு. ஆயினும், அன்று முன்னைவிட மிகுதியானோர் வந்தனர். டர்க்கின் 27,000-க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார்.

முந்திய ஆண்டில் வீட்டிலிருந்துவிட்டோருள் மூவர் மட்டும் டர்க்கினுக்கு வாக்களித்திருந்தால், அந்த இறுதிக் கணக்கு மாறியிருக்கும். அம்மூவர் யாவர்? ஒருவரும் அறியார். ஒவ்வொருவரும் "அது நானோ?" என்று தம்மையே வினவிக்கொள்ளலாம்.

மாணவர்களே, உங்களுக்கும் அவ்வுரிமை வரும் நாள் தொலைவில் இல்லை. அம்மூவருள் ஒருவராக இராதீர்கள்.