தீக்கும் அஞ்சாத நஞ்சு



உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், வந்த இடத்தின் உணவையும் நாளடைவில் பழகிக் கொள்கிறோம். மும்பையிலே திசர்யா, மங்களூரிலே மருவாய், மலையாளக் கரையிலே கல்லும்மக்காய் என வழங்கும் மட்டி, சிப்பி வகைகளை நம்மில் பலர் அவ்வூர்களுக்குச் சென்ற பின்னரே உண்ணக் கற்றோம்.

கொங்கணக் கரையில் நான் குடியிருந்த காலத்தில், அடுத்த வீட்டு அம்மையார் மட்டிக் குழம்பு வைக்கும் போதெல்லாம் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். “நன்றாகக் கொதித்துவிட்டது, இனி ஒரு தீங்கும் இல்லை” என்பார். நானும் ஐயமின்றி நம்பினேன். கிருமிகளைப் பொறுத்தவரை அவர் சொல் பெரும்பாலும் சரியே. ஆனால் கொதிநீருக்கும் அஞ்சாத நஞ்சொன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. வெப்பமும் ஒளியும் உரச்சத்தும் இசைந்த காலத்தில் அவை சில நாட்களிலேயே பெருகிவிடும். அவற்றுள் மிகச் சில இனங்களே நஞ்சுடையவை. சிப்பியோ ஓரிடத்தில் இருந்தபடியே நீரை உறிஞ்சி வடிகட்டி உண்ணும் உயிர். ஆகவே நீரில் சிதறிக் கிடக்கும் நஞ்சு அதன் சதையில் திரண்டு விடுகிறது. சிப்பிக்கு அதனால் பெருந்தீங்கில்லை, உண்பவருக்கே கேடு.

1793 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இன்றைய கனடா நாட்டின் மேற்குக் கரையை அளந்து வந்த ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் சிலர் காலை உணவாகச் சிப்பிகளை உண்டனர். சற்று நேரத்தில் முகமும் கைகால்களும் மரத்தன. ஜான் கார்ட்டர் என்னும் மாலுமி அன்றே உயிர் துறந்தார். அங்குள்ள விரிகுடா ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1981 இல் தமிழகக் கரையில் மட்டி உண்ட 3 பேர் மாண்டனர். 85 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். 1997 இல் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில் சிப்பி உண்டதனால் 7 பேர் இறந்தனர். 500 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். அவர்களும் சமைத்த உணவையே உண்டிருப்பர். அடுப்பின் சூடோ, புளியோ, குளிர்ப்பெட்டியோ இந்நஞ்சை அழிப்பதில்லை. வேகவைத்த நீரிலும் அது இறங்கி நிற்கும்.

நம் நரம்புகளில் செய்தி செல்வதற்குச் சோடியம் என்னும் பொருள் நுழையும் நுண்ணிய வாயில்கள் உண்டு. நஞ்சு அவ்வாயில்களை அடைத்து விடுகிறது. உண்ட அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் உதடும் நாவும் விரல்நுனியும் மதமதக்கும். பிறகு பேச்சுக் குழறும், கால் தள்ளாடும். முற்றினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுவிடக்கூடும்.

இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆயினும் அஞ்ச வேண்டாம். செயற்கை முறையில் சுவாசம் அளித்துக் காத்தால், நஞ்சு சிறுநீரோடு கழிந்துவிடும். முதல் நாளைக் கடந்தவர் பெரும்பாலும் முழு நலம் பெறுவர். ஆதலால் உதடு மரத்த உடனே கஷாயமும் கைவைத்தியமும் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். உண்டது இன்னதென்று வைத்தியரிடம் கூறுங்கள். எஞ்சியதைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

நஞ்சுண்ட சிப்பிக்கு நிறமாற்றமோ, நாற்றமோ, சுவைக்கேடோ கிடையாது. வெள்ளி நாணயத்தை இட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் பயன்படாது. கடல் சிவந்தால் விலகுவது நல்லதே. ஆனால் தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும். 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் 80 பங்கு மட்டுமே, பல நாடுகள் வகுத்துள்ள எல்லை. இதை ஆய்வுக்கூடமே கண்டறிய இயலும். எனவே மீன்வளத் துறையோ சுகாதாரத் துறையோ எச்சரித்தால், அது நீங்கும் வரை மட்டியும் சிப்பியும் வேண்டாம்.

மலிவும் சத்தும் உடைய நல்லுணவு இது. சேகரித்து விற்போருக்குப் பிழைப்பும் இதுவே. இதை வெறுக்க வேண்டியதில்லை. அந்த அம்மையார் அன்போடு தந்த கிண்ணத்தை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால், “கொதித்துவிட்டதா?” என்பதோடு, “இவ்வாரம் கரையில் ஏதேனும் எச்சரிக்கை உண்டா?” என்றும் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.