கச்சேரிக்கு முந்திய அரைமணி

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள், சென்ற இடமெல்லாம் சங்கீதத்தையும் உடன் கொண்டு சென்றிருக்கிறார்கள். தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் அவர்கள் தோற்றுவித்த சபாக்கள் இதற்குச் சான்று. அன்று பம்பாய் என்று வழங்கிய நகரில் 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபா, 1963-இல் தனக்கென்று ஒரு பேரரங்கத்தைத் திறந்தது. 1990-இல் அவ்வரங்கம் தீ விபத்துக்கு இரையாயிற்று. ஆயினும் அன்பர்கள் மனந்தளராமல் அதைப் புதுப்பித்து 1998-இல் மீண்டும் திறந்தனர்.

ஆனால் சொந்த அரங்கம் உள்ள சபாக்கள் சிலவே. பெரும்பாலானவை பள்ளிக்கூட மண்டபத்தையோ சமூகக் கூடத்தையோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் கச்சேரி நடத்துகின்றன. அவற்றில் மேடை போடுபவரும், ஜமக்காளம் விரிப்பவரும், வித்வானை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருபவரும் அலுவலகம் விட்டு ஓடிவரும் தொண்டர்களே. அந்தத் தொண்டர்களை மனத்திற் கொண்டு, கச்சேரிக்கு முந்திய அரைமணியைப் பற்றிச் சில வார்த்தைகள் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மேடையை ஒழுங்கு செய்வதும் வாத்தியங்களைச் சேர்ப்பதும் சிறிய காரியங்கள், அவற்றுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி ஏழு மணிக்குத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும் என்றும் கேட்கலாம். குறைவது என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையைச் செப்பனிட்டு நிலைநாட்டியவர் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார். முதலில் வர்ணம், பின்பு விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் விரிவான ராக ஆலாபனையும் பிரதானக் கீர்த்தனையோ பல்லவியோ, அதனுடன் தனி ஆவர்த்தனம், இறுதியில் துக்கடாக்கள் என்பது அம்முறை. மண்டபத்தை ஒன்பதரை மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தொலைவில் குடியிருப்பவர்கள் ரயிலையோ பேருந்தையோ பிடித்தாக வேண்டும். ஆகவே தொடக்கத்தில் இழந்த அரைமணி இறுதியில்தான் கழிக்கப்படுகிறது. ஒன்று, இரண்டு நாள் பயணம் செய்து வந்த மிருதங்க வித்வானின் தனி ஆவர்த்தனம் ஐந்து நிமிஷமாகச் சுருங்கும்; அல்லது துக்கடாக்கள் போய்விடும்.

துக்கடா என்ற சொல்லே அதன் அளவைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் பல கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். திருப்புகழும், பதமும், காவடிச்சிந்தும் அங்கேதான் வருகின்றன. கச்சேரியில் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கம் எழுந்து, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய வரலாறு நேயர்கள் அறிந்ததே. வெளி மாநிலத்தில் பிறந்து, பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ படிக்கும் நம் குழந்தைக்கு, ராகத்தின் நுட்பம் புரியாமல் இருக்கலாம். ஆனால் முருகனைப் பற்றி ஒரு தமிழ்ப் பாட்டு எழுந்தால் அது நிமிர்ந்து உட்காரும். அந்தப் பாட்டு வருவதற்குள் கடைசி வண்டிக்காகத் தாய் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றுவிட்டால், அக்குழந்தை கச்சேரியில் தனக்குரிய பங்கை இழந்தே வீடு திரும்புகிறது. மேடைத் தாமதத்தின் விலை இதுதான்.

சரி, விரைவாக ஒழுங்கு செய்வது எப்படி? இங்கே ஓர் அடிப்படை உண்மையை மறக்கலாகாது. இந்த அரைமணியில் விரைவுபடுத்தக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அது சுருதி சேர்ப்பது. மற்றவை யாவற்றையும் விரைவுபடுத்தலாம். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நிகழ்கிறது. கம்பியை இழுப்பதிலும், நாற்காலி தேடுவதிலும், வரவேற்புரையிலும் நேரத்தைச் செலவழித்துவிட்டு, தம்புராவை மீட்டத் தொடங்கியவுடன் “ஆரம்பிக்கலாமே” என்று கடிகாரத்தைக் காட்டுகிறோம்.

சுருதி சேர்ப்பதற்கு ஏன் அவகாசம் வேண்டும்? தம்புராவின் நான்கு தந்திகளைப் பிரடையால் ஏறக்குறையச் சேர்த்து, அடியிலுள்ள மணிகளை நகர்த்தி நுட்பமாகச் சரிசெய்து, குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நூலை இழுத்துவிட்டு ஜீவன் பேசும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மிருதங்கத்திலோ, வலந்தலையின் விளிம்பைச் சுற்றிலும் கல்லாலும் கட்டையாலும் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே சுருதி பேசும்படி செய்ய வேண்டும். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். தொப்பிப் பக்கத்தில் ரவையை நீரில் பிசைந்து அப்ப வேண்டும். அந்த ரவை முன்னதாகவே அப்பி வைக்கக் கூடியதன்று, உலர்ந்துவிடும். ஆகையால் மேடைக்கு அருகில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துணியும் இருப்பது பெரிய உபகாரம். “தண்ணீர் எங்கே?” என்று மிருதங்க வித்வான் கேட்க, தொண்டர் ஒருவர் குழாயைத் தேடி மாடிக்கும் கீழுக்கும் ஓடுவதில் பத்து நிமிஷம் போய்விடுவதுண்டு.

சுருதி வேலையில் பெரும்பகுதியைக் கச்சேரிக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடலாம் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். பாடகரின் சுருதி எத்தனைக் கட்டை என்று முன்கூட்டியே கேட்டுப் பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரிவித்துவிடுவதே அது. ஆண்கள் பலர் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்கள் பலர் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். தாழ்ந்த சுருதிக்குப் பெரிய மிருதங்கம் வேண்டும்; உயர்ந்த சுருதிக்குச் சிறியது வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற எந்த வித்வானாலும் இயலாது. கடத்தின் நிலை இன்னும் கடினம். சூளையில் வெந்த மண்ணின் சுருதி வெந்ததுதான். வாயில் சிறிது களிமண் ஒட்டி ஓரளவு இறக்கலாமே அன்றி ஏற்ற முடியாது. எனவே கட்டை தெரியாமல் வரும் கட வித்வான் இரண்டு மூன்று கடங்களைச் சுமந்துகொண்டு வர வேண்டும். மானாமதுரைக் கடத்தின் கனத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்பது விளங்கும்.

வெளியூர்களில் வாழும் நமக்குத் தட்பவெப்பமும் ஒரு சோதனை. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து சுருதி இறங்கும். உலர்ந்தால் விறைத்துச் சுருதி ஏறும். மும்பையின் ஆடி, ஆவணி மழையில் ஒரு விதம். தில்லியின் மார்கழி, தை வறட்சியில் வேறு விதம். உலோகத் தந்தியோ வெப்பத்தில் நீண்டு இறங்கும், குளிரில் சுருங்கி ஏறும். வெளியிலிருந்து வந்த வாத்தியத்தைக் குளிர்சாதன மண்டபத்தில் எடுத்து வைத்த மாத்திரத்தில் சேர்த்தால், இரண்டாவது கீர்த்தனைக்குள் அது கலைந்துவிடும். ஆதலின் மனிதர்கள் தாமதமாக வந்தாலும் வாத்தியங்கள் முன்னதாக வந்துவிட வேண்டும். மண்டபத்தின் காற்றிலேயே அவை அரைமணி இருந்து பழகிய பின் சேர்த்தால் வேலையும் எளிது, சுருதியும் நிலைக்கும். மேடை விளக்குகளையும் அப்போதே ஏற்றிவிடுவது நல்லது. அவற்றின் சூடும் கணக்கில் சேர்ந்தது.

கஞ்சிராவுக்கும் தண்ணீர் வேண்டும். அதன் தோலில் நீர் தடவித் தளர்த்தித்தான் சுருதியைப் பதப்படுத்துவார்கள். முற்காலத்தில் அதற்கு உடும்புத் தோல் கட்டினர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் உடும்பு காக்கப்பட வேண்டிய பிராணியாயிற்று. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அதன் இடத்துக்கு வந்துள்ளன.

முன்னேற்பாடு என்பதற்கு நம் நாகஸ்வரக்காரர்களைக் காட்டிலும் சிறந்த ஆசிரியர் இல்லை. சுவாமி புறப்பாட்டில் அவர்களுக்கு மேடை இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். சுவாமி புறப்பட்டுவிட்டால் அவருக்காகக் காத்திராது. அவர் வாத்தியத்தைப் பாருங்கள்: மாற்றுச் சீவாளிகளும், சீவாளியைச் சீர்செய்யும் ஊசியும் நூலில் கோத்து அந்த வாத்தியத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வேண்டிய பொருள் வேண்டிய கணத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. சபாத் தொண்டர்கள் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அந்த நூலில் அடங்கியிருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம், துணி, ரவை, நூல், கத்தரிக்கோல், கைவிளக்கு, மின்கலம், ஒட்டும் நாடா, நீட்டிப்புக் கம்பி இவ்வளவையும் ஒரு பெட்டியில் வைத்து, கச்சேரி தோறும் அதே பெட்டியைக் கொண்டுவந்தால் போதும். தேடும் வேலை ஒழிந்தது.

அடுத்து அமர்வு. பாடகர் நடுவில், வழக்கமாக அவருடைய வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் பிடில். இவ்வாறு அமர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். ஆனால் வித்வான் இடக்கை வழக்கமுள்ளவராயின் இந்த ஏற்பாடு மாற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை அத்தகைய மேதை. அவருக்காகப் பிடில் இடம் மாற வேண்டியிருந்தது. இதை முன்பே கேட்டறிந்தால், எல்லாரும் அமர்ந்த பின் எழுந்து, கம்பிகளையெல்லாம் பிடுங்கி மறுபடி நடும் தொல்லை இராது. ஜமக்காளத்தின் மேல் ஒவ்வொருவர் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டால், ஒலிவாங்கிகளை ஆள் வருவதற்கு முன்பே நட்டுவிடலாம்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காடு மணி ஐயர் அதை விரும்பாமல், அது இல்லாத கச்சேரியே நாதத்துக்கு உகந்தது என்று வற்புறுத்தியவர். ஐம்பது பேர் கூடும் சிறு கூடத்தில் அவர் கொள்கையைப் பின்பற்றினால் சங்கீதமும் சிறக்கும், நேரமும் மிஞ்சும். பெரிய மண்டபத்தில் அது இயலாதென்றால், ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னே, சபையை நோக்கி வைக்க வேண்டும். தன் ஒலியே தன்னிடம் திரும்பி வந்தால்தான் அது ஊளையிடுகிறது. சோதனையின்போது முதலில் குரல், பிறகு பிடில், பிறகு மிருதங்கம், கடைசியில் கடம் என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் “எனக்குக் கொஞ்சம் கூட்டுங்கள்” என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. சங்கீத ஞானமுள்ள ஒருவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கையசைத்துக் காட்ட வேண்டும். அவர் ஒருவர் சொல்லே செல்லுபடியாக வேண்டும். இந்நாளில் மின்சாரத் தம்புராவும், கைப்பேசியிலேயே இயங்கும் சுருதியும் பரவலாகிவிட்டன. கைப்பேசியைச் சுருதிக்கு வைப்பவர்கள் அழைப்புகள் வராதபடி முதலில் அதன் வாயைக் கட்டிவிடுவது நலம்.

இத்தனையும் ஒழுங்காக முடிந்தபின் வரும் ஆபத்து ஒன்றுண்டு, அது வரவேற்புரை. சேர்த்த தந்திகள் விளக்கின் சூட்டில் காத்திருக்க, தலைவரும் செயலாளரும் புரவலரும் முறையே பேசினால், அவர்கள் முடிப்பதற்குள் சுருதி கலைந்துவிடும். சேர்க்கும் வேலை மறுபடி முதலிலிருந்து. வரவேற்பு இரண்டு நிமிஷம் போதும். பொன்னாடையும் நன்றியும் தனி ஆவர்த்தனத்துக்குப் பின் இருக்கட்டும்.

ஆறரை மணிக் கச்சேரிக்கு ஒரு கால அளவைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்து மணிக்கு மேடையும் விளக்கும் மின்கம்பியும் தயாராக வேண்டும். ஐந்தரைக்கு வாத்தியங்கள் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆறு மணிக்குள், மேடைக்குப் பின்னுள்ள அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வித்வான்கள் நிதானமாகச் சுருதி சேர்க்கத் தொடங்க வேண்டும். அப்போது கையெழுத்துக் கேட்பவர்களையும் காபி உபசாரத்தையும் வாயிலில் ஒருவர் அன்போடு நிறுத்திவைக்க வேண்டும். ஆறேகாலுக்கு மேடை, பத்து நிமிஷம் ஒலிச் சோதனை, ஆறரைக்குத் திரை. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரே ஒருவர் பொறுப்பாளி. பலர் பொறுப்பேற்ற காரியம் யாரும் செய்யாத காரியமாகவே முடியும்.

இப்பொறுப்புகளை நம் இளைஞர்களிடம் ஒப்படைப்பது சிறந்தது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் தம்புராவைத் தாங்கிப் பிடிக்கலாம். ரவைக் கிண்ணத்தை ஏந்தி நிற்கலாம். வித்வான் தந்தியை முறுக்கும்போது பக்கத்தில் நின்று கேட்கும் பிள்ளையின் காது, அவன் அறியாமலே சுருதியைக் கற்றுக்கொள்ளும். கச்சேரி குறித்த நேரத்தில் தொடங்கட்டும். தனி ஆவர்த்தனம் முழுமையாக முழங்கட்டும். அதன்பின் வரும் தமிழ்ப் பாட்டைக் கேட்டபின் எல்லாரும் நிதானமாக வீடு திரும்பட்டும்.