கடல் கடந்த அடுக்களை



நாவுக்குத் தொழில் இரண்டு. ஒன்று பேசுதல், மற்றொன்று சுவைத்தல். பேச்சைக் காக்க இலக்கண நூல்களையும் அகராதிகளையும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்தோம். சுவையைக் காக்க அத்துணை முயற்சி செய்தோமா? கறியின் பக்குவம் தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் செல்லும். அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். ஒரே வளவில் மூன்று தலைமுறை கூடி வாழ்ந்த காலத்தில் அது போதியதாகவே இருந்தது. தாய் கொக்குவிலிலும் மகள் தொறொன்ரோவிலும் வாழும் காலத்தில் அது போதுமா என்பதே இன்று யான் உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்பும் வினா.

ஒரு நாட்டின் உணவு பிறநாட்டில் மதிப்புப் பெறுவது எவ்வாறு? முதலில் மேனாட்டு உதாரணம் ஒன்றை நோக்குவோம். ஒலிவ் எண்ணெய், உள்ளி, கத்தரிக்காய், தக்காளி, மீன் ஆகியவற்றைக் கொண்டு மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாட்டவர் சமைக்கும் உணவு இன்று உலகெங்கும் போற்றப்படுகின்றது. 2010ஆம் ஆண்டில் ஸ்பெயின், கிரேக்கம், இத்தாலி, மொரோக்கோ ஆகிய நாடுகளின் வேண்டுகோளுக்கிணங்க யுனெஸ்கோ நிறுவனம் அவ்வுணவு முறையை மானிடரின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து இங்கிலாந்திலே ஒலிவ் எண்ணெயைப் பெரும்பாலும் மருந்துக் கடையிலேதான் வாங்க முடிந்தது. அதுவும் காதுவலிக்கு விடுவதற்காக! இந்நிலை எங்ஙனம் மாறியது?

இம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணமாக இருந்தவர் எலிசபெத் டேவிட் என்னும் பெண்மணி. போர்க்காலத்தில் பிரான்ஸ், கிரேக்கம், எகிப்து முதலிய நாடுகளில் வாழ்ந்தவர் அவர். பங்கீட்டுப் புத்தகத்துடன் கடை வாயிலிற் காத்து நின்ற ஆங்கிலேயருக்கு, 1950ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடல் நாட்டு உணவைப் பற்றி ஒரு நூல் எழுதி அளித்தார். இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954இலேதான். ஆகவே அந்நூலிற் கூறிய பண்டங்களுட் பல, அதைப் படித்தோருக்குக் கண்ணாலும் காணக் கிடையாதவை. எனினும் நூல் ஆசையை விதைத்தது. ஆசை தோன்றிய பின் கடைகள் தாமே தோன்றின.

அவருக்குப் பின் வந்தவர் குளோடியா ரோடன். 1936இல் கெய்ரோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1956ஆம் ஆண்டுச் சூயஸ் நெருக்கடியின் பின் அவருடைய குடும்பம் எகிப்தை விட்டு நீங்க நேர்ந்தது. இலண்டனில் வந்து சேர்ந்த உறவினரும் அறிந்தவரும் ஒருவரை ஒருவர் காணும்போது, இனி ஒருகால் சந்திக்க இயலாமற் போகலாம் என்ற எண்ணத்தால், சமையற் குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டனராம். அவ்வாறு சேர்ந்தவற்றைக் கொண்டு உருவானது மத்திய கிழக்கு நாடுகளின் உணவு பற்றி 1968இல் வெளிவந்த அவருடைய நூல். வீட்டை எடுத்துச் செல்ல இயலாது. கிணற்றையும் வேலியையும் எடுத்துச் செல்ல இயலாது. ஒரு கறியின் பக்குவத்தை எடுத்துச் செல்லலாம். இவ்வுண்மையை நமக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை அன்றோ?

நேயர்களே! 1983இன் பின் நம்மவர் பல்லாயிரவர் இக்குடாநாட்டை விட்டு நீங்கினர். பாரிஸ் மாநகரின் லா சப்பல் பகுதியிலும், தொறொன்ரோவின் ஸ்காபரோவிலும், இலண்டனின் புறநகர்களிலும் மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் விற்கும் கடைகள் எழுந்தன. ஆயினும் நெடுங்காலம் அக்கடைகளுக்குச் சென்றவர் பெரும்பாலும் நம்மவரே. நம் உணவை அயலார் அறியச் செய்தவர்கள் வேறு சிலர். அவர்களுட் சிலரை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கொழும்பிலே 1930இற் பிறந்த சார்மெயின் சொலமன் என்னும் பறங்கியர் குலப் பெண்மணி அவுஸ்திரேலியாவிற் குடியேறி, 1976இல் ஆசிய நாடுகளின் சமையலைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இலங்கைச் சமையலுக்கும் அதில் இடமளித்தார். யாழ்ப்பாணத்துச் சமையலைத் தனியே எடுத்து நூலாக்கும் பணியை நேசா எலியேசர் அம்மையார் மேற்கொண்டார். அவர் தொகுத்த ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் இடம்பெற்றுள்ளன. வட இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்திற் பிறந்த சிந்தியா சண்முகலிங்கம், 2022இல் இலங்கைச் சமையல் நூலொன்றை எழுதி, அடுத்த ஆண்டு இலண்டனின் புகழ்பெற்ற பரோ சந்தையில் ‘றம்புட்டான்’ என்னும் உணவகத்தைத் திறந்தார். 2024இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் ‘மாஸ்டர் செஃப்’ போட்டியில் வென்ற பிரின் பிரதாபன் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தவர்; தொழிலால் விலங்கு வைத்தியர்.

தமிழகத்தவர் ஒருவரையும் இங்கு குறிப்பிட வேண்டும். தென் தமிழ்நாட்டுச் சிற்றூரிற் பிறந்த விஜய் குமார், நியூயோர்க் நகரின் ‘செம்ம’ உணவகத்தில், வயலிற் பொறுக்கிய நத்தையைக் கொண்டு சிறுவயதில் வீட்டில் உண்ட கறியையே பரிமாறினார். வறியவர் உணவென்று பலர் மறைத்து உண்ட பண்டம் அது. 2025இல் அமெரிக்கச் சமையல் உலகின் உயர்ந்த பரிசுகளுள் ஒன்றாகிய ஜேம்ஸ் பியர்ட் பரிசை, நியூயோர்க் மாநிலத்தின் சிறந்த சமையற் கலைஞர் என்ற வகையில் அவர் பெற்றார்; வேட்டி உடுத்தே விழாவிற்குச் சென்றார்.

இவர்களின் வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? உணவு இயல்பாகப் பரவிவிடுவதில்லை. ஒருவர் அதனை அளந்து எழுதவேண்டும். இன்னது, இன்ன ஊரது என்று பெயர் கூறவேண்டும். நாணமின்றி முன்வைக்க வேண்டும். நம்மிடம் இம்மூன்றும் உண்டா?

ஒடியற் கூழையே எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; இடித்தால் ஒடியல் மா. கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி ஆகியவற்றை அவித்து, மீனும் நண்டும் இறாலும் சேர்த்து, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்துவிட்டு, புளி கரைத்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவுவர். பனையோலைப் பிளாவில் வார்த்துச் சுடச்சுடக் குடிப்பர். கூறுவது எளிது. ஆனால் மாவை முன்னரே நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்து, கசப்பை நீக்கவேண்டும். அதை விடுத்தால் கூழ் வாயில் வைக்க இயலாது. இச்சிறு நுட்பத்தை எம் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரிடம் வினவினேன். பனையின் பயன்களைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதவல்ல அம்மாணவருள், இதற்கு விடை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்களும் பேர்த்தியின் கையைப் பிடித்து வேலை பழக்கும் பாட்டிமார் உள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

அளவைப் பற்றி வினவினால், ‘கண்ணளவு’ என்பர் நம் மூதாட்டியர். அவர்களின் சுண்டும் கொத்தும் இன்றைய பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காச் சொற்கள். தேங்காயின் முதற்பாலை எப்பொழுது விடுவது, கப்பிப்பாலை எப்பொழுது விடுவது என்ற முறை தவறினால் சொதி திரைந்துவிடும். இவையெல்லாம் அறிவல்லவா? இரசாயன பாடத்திலே கரைசலின் செறிவைக் கற்பிக்கும் நாம், உலைமுன் நின்று அதே அறிவைக் கையாளும் தாயை அறிஞராக எண்ணுவதில்லை. மனையியல் என்றொரு பாடம் நம் பாடசாலைகளில் உண்டு. ‘வேறு பாடம் வராத பிள்ளைகளுக்கு அது போதும்’ என்று கூறும் பெற்றோரை யான் பலமுறை கண்டிருக்கின்றேன். இலண்டனிலே நம் பிட்டுக்கு மேசை ஒதுக்கக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பெருமைப்படுவோரும் இவர்களே!

கூழ் ஏழையின் உணவு, விருந்தினர்முன் வைக்கத் தகாதது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. அயலார் போற்றிய பின்புதான் நம் பொருளை நாம் மதிப்போமாயின், அம்மதிப்பும் இரவல் மதிப்பே. அன்றியும், தூய்மை என்ற பெயரால் மாற்றம் எதனையும் ஏற்காதிருத்தலும் பொருந்தாது. நம் கறியின் உயிராகிய மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது, மரவள்ளியும் அக்கண்டத்ததே. வந்ததை நமதாக்கிக்கொண்டவர் நம் முன்னோர். ஆகவே குளிர்நாட்டிலே கிடைக்கும் மீனைக் கொண்டு ஒருவர் கூழ் காய்ச்சினால் குறை கூறவேண்டியதில்லை. மூலத்தை அறிந்து மாற்றுவது வளர்ச்சி. அறியாது மாற்றுவது இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய மூலம் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்காகப் பாடி வைத்தார். அதனாலன்றோ ஆடிக்கூழை ஒருமுறையும் சுவைத்தறியாத பிள்ளைக்கும் அதன் பெயர் தெரிகின்றது! ஒரு பாட்டு இத்துணை செய்யுமாயின், ஊர்தோறும் எழுதி வைக்கும் ஏடு எத்துணை செய்யாது?

ஆசிரியன் என்ற முறையில் என் வேண்டுகோள் ஒன்றே. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும், ஆண்பிள்ளைகளும் உட்பட, தம் வீட்டு மூத்தவர் ஒருவரின் அருகிலிருந்து ஒரேயொரு பண்டத்தின் பக்குவத்தை எழுதட்டும். கைப்பிடியை நிறுத்து எழுதட்டும். சுண்டை அளந்து எழுதட்டும். எந்த மாதத்தில், எந்த நோயாளிக்கு, எந்தச் சடங்குக்கு அது ஆக்கப்படும் என்பதையும், சொன்னவரின் பெயரையும் ஊரையும் குறிக்கட்டும். அவ்வேடுகளை மனையியல் ஆசிரியைகள் திருத்தித் தொகுத்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும். பெருஞ்செலவு இதற்கு வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் சிறிது பொறுமையும் போதும்.

கேட்டு எழுதுவதற்கு நமக்கு இன்னும் மூத்தவர்கள் இருக்கின்றனர். அவர்கள் நெடுங்காலம் இரார். ஆதலின் இப்பணியை நாளைக்கென ஒத்திவையாது இன்றே தொடங்குமாறு வேண்டி அமைகின்றேன்.