மண்ணீரல்ல கட்டின்னு ரிப்போர்ட் வந்தா

வேற எதுக்கோ வயித்துல ஸ்கேன் எடுக்கறப்போ மண்ணீரல்ல ஒரு கட்டி தட்டுப்படும். அதுல பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. அல்ட்ராசவுண்ட்ல நீர்க்கட்டி கன்னங்கரேல்னு, ஓரம் வழவழன்னு தெரியும். ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்க் கட்டி, பல நேரம் வெள்ளையா தெரியும். சிக்கல் நடுவுல இருக்கற சாம்பல் நிறத்துலதான். லிம்ஃபோமாவும் அப்படி இருக்கலாம், சாதாக் கட்டியும் அப்படி இருக்கலாம்.

அதுக்கு நுண்குமிழி ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு அடைச்ச குமிழிகளை நரம்புல ஏத்திட்டு லைவா பார்ப்பாங்க. நல்ல மண்ணீரல் அதைச் சில நிமிஷம் பிடிச்சு வச்சுக்கும். புற்றுக்கட்டி பொதுவா சீக்கிரமே விட்டுடும், கரும்புள்ளியா நிக்கும். வாயு மூச்சுல வெளியே போயிடும், கிட்னிக்குச் சுமை இல்லை. செம ஐடியா! ஆனா எல்லா ஊர்லயும் கிடைக்காது.

கடலூர் ஓ.டி.யில இருக்கற என் சித்தப்பாவுக்கு 2 செ.மீ.ன்னு வந்துது. வீட்டுல யாரும் சாப்பிடலை. சிதம்பரத்துல டாக்டர் முதல்ல கேட்டது: "பழைய ஸ்கேன் இருக்குங்களா? முன்னாடி கேன்சர் ஏதாவது?" நம்ம பாஷையில கிட் டிஃப். ஒரு வருஷமா மாறாத கட்டியைத் தொடர்ந்து துரத்த வேண்டாம்னுதான் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியோட 2013 பரிந்துரையும் சொல்லுது. சித்தி பீரோவைக் குடைஞ்சு எடுத்த பழைய ஃபிலிம்லயும் அதே அளவு.

ஆனா காய்ச்சல், எடை குறைவு, இடது விலாவுக்குக் கீழ வலி இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. எம்ஆர்ஐ, தேவைப்பட்டா பயாப்ஸி வரைக்கும் போகணும். ரத்தம் நிறைஞ்ச உறுப்பு, அதனால ஊசி போடறவருக்கு அனுபவம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.