ஐம்பதுக்குப் பிறகு தோளும் இரும்பும்



எனக்கு வயது 56. நெய்வேலிக்குப் பக்கத்துக் கம்மாபுரத்துக்காரன். இருபது வயதில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று தொடங்கி, பிறகு பார்பெல்லுக்கு வந்தவன். ஆணழகன் போட்டி மேடைகளில் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஐம்பத்தோராவது வயதில் ஒருநாள் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது, வலது தோளுக்குள் துணி கிழிவதுபோல ஓர் உணர்வு. அன்று நான் ஏற்றியிருந்தது இருபத்தைந்து வயதில் தூக்கிய எடை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குங்க" என்றார். அதற்கு முந்தைய ஆறு மாதமும் அந்தத் தோள் வலித்துக்கொண்டுதான் இருந்தது. நான் மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கினேன்.

வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "வயசாயிடுச்சு, விட்டுடுப்பா." அந்த யோசனை தவறு என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். எடைப் பயிற்சியை விடக்கூடாது. தூக்கும் முறையை மாற்றவேண்டும்.

ஏன் காயம் வருகிறது? தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். சில வாரப் பயிற்சியிலேயே பலம் கூடிவிடும். தசையை எலும்போடு கட்டுகிற நாணுக்கு (டாக்டர் ஜவ்வு என்றது இதைத்தான்) ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். தசை "தூக்கு" என்னும்போது நாண் இன்னும் தயாராகியிருக்காது. வயது ஏற ஏற இந்த இடைவெளி கூடுகிறது. தசை வளர ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. தசை சீக்கிரம் பெருத்துவிடும், நாண் பின்தங்கிவிடும்.

மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. மூட்டில் ஊறும் திரவம்தான் அதற்கு உணவு. மூட்டு அசைந்தால்தான் அந்த உணவு உள்ளே போகும். முட்டி வலிக்கிறது என்று மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பவருக்கு வலி கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சியை விடாமல் முறையை மட்டும் மாற்றவேண்டும் என்பது, நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் புரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் நீரை இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தபடிதான் தோண்டுகிறார்கள். இறைக்காமல் தோண்டினால் தரை பிளந்து நீர் பீறிடும். அதற்காகச் சுரங்கத்தை யாரும் மூடிவிடவில்லை; முதலில் அழுத்தத்தைக் கவனிக்கிறார்கள். அனல்மின் நிலையத்திலும் கோளாறு வரட்டும் என்று காத்திருக்காமல், முன்கூட்டியே யூனிட்டை நிறுத்தி ஓவர்ஹால் செய்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கும் அந்த ஓவர்ஹால் தேவை. ஐந்தாறு வாரம் உழைத்தால், ஒரு வாரம் பாதி எடையில் செய்யவேண்டும்.

இரண்டு ஆணழகர்களைப் பாருங்கள். வங்கத்தைச் சேர்ந்த மனோகர் ஐச் உயரத்தில் ஐந்தடியைத் தொடாதவர். 1952-ல் லண்டனில் தம் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றபோது நாற்பதைத் தொட்டுவிட்டார். முதுமையிலும் பயிற்சியை விடவில்லை. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-ல் மறைந்தார். அமெரிக்காவின் ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா. 360 கிலோவுக்கு மேல் தோளில் வைத்து ஸ்குவாட் செய்தவர். முதுகில் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஊன்றுகோல் துணையோடு நடக்கும் நிலைக்கு வந்தார். அவர் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் முதுமையில் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால், ஐச் அவர்களைத்தான் காட்டுவேன்.

எந்த வயதில் தொடங்கினாலும் பலன் உண்டா? 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுமையாக முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நமக்கு ஐம்பதுதானே ஆகிறது!

தூக்கும் எடையைக் குறைத்தால் உடம்பு வற்றிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். அதிகபட்சமாகத் தூக்கக்கூடிய எடையில் 30 சதவீதத்தை வைத்து, இனி முடியாது என்னும்வரை செய்தவர்களுக்கும், 80 சதவீதம் வைத்துச் செய்தவர்களுக்கும் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மூட்டு வலி உள்ளவருக்கு இது பெரிய வரம்.

என் மாற்றங்களைச் சொல்கிறேன். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸை அடியோடு விட்டேன். பார்பெல்லுக்குப் பதில் டம்பெல், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி. கை எலும்பைத் தோள் குழியில் பிடித்து நிறுத்தும் நான்கு சிறு தசைகளுக்கு ரப்பர் பட்டையால் தினமும் பத்து நிமிடம். இறக்கும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதில்லை. பிரஷர் உள்ளவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்கவேண்டும். வலிக்குப் பத்து மதிப்பெண் வைத்தால் மூன்றைத் தாண்டக்கூடாது; மறுநாள் காலை அது கூடியிருந்தால் முந்தைய நாள் எடை அதிகம் என்று அர்த்தம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவதே இல்லை. அது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது போன்றது, சிறுநீரகத்துக்கும் கேடு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். தோள் வலியோடு போகிறவர்கள் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். எழுபது கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 70 கிராம். நான்கு இட்லியும் சட்னியும் இதைக் கொடுக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். வேர்க்கடலை விளையும் மண்ணில் இருந்துகொண்டு, விலையுயர்ந்த டப்பாப் பவுடரைத் தேடி அலையவேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே அளவை முடிவுசெய்யவேண்டும்.

இப்போது என் வலது கை தலைக்கு மேலே முழுதாக உயர்கிறது. ஜிம்மில் பையன்கள் கேட்கிறார்கள், "அண்ணே, இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று. எண்ணைச் சொல்லிவிட்டு, "மெதுவா இறக்குடா தம்பி" என்பேன்.

காயம்பட்ட மூட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, முதலில் மூட்டு டாக்டரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். அவர்கள் சரி என்றால், வாரம் இரண்டு நாள், சின்ன எடையோடு தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனமும் எல்லாப் பெரியவர்களுக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இளைஞர்களே, நாளைக்கும் தூக்கவேண்டிய தோள் அது, இன்றே தீர்த்துவிடாதீர்கள்.